தாய்க்குழுவும் கிளைக்குழுவும்

1972-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் 'யெஸ்' என்னும் இசைக்குழு 'குளோஸ் டு தி எட்ஜ்' என்ற தன் ஐந்தாவது இசைத்தட்டை ஒலிப்பதிவு செய்து முடித்தது. புகழும் பொருளும் ஒருங்கே வந்து சேரும் வேளை அது. தட்டு கடைக்கு வருமுன்னரே அக்குழுவின் டிரம் கலைஞர் பில் புரூஃபோர்டு விலகி, 'கிங் கிரிம்ஸன்' என்னும் வேறொரு குழுவிற் சேர்ந்துகொண்டார். யெஸ் குழுவில் தம்மால் இயன்றதைச் செய்து முடித்தாயிற்று என்பது அவர் எண்ணம். செல்வம் கதவைத் தட்டும்போது வீட்டை விட்டுப் புறப்பட்டவர் என்று அவரைப் பற்றி வியந்தவர் பலர்.

இவ்வியப்பின் காரணத்தை உணர வேண்டுமாயின், ராக் இசையுலகில் குழு என்பது யாது என அறிதல் வேண்டும். நம் கச்சேரி மரபில் மிருதங்க வித்துவான் ஒருவர் இன்று ஒரு பாடகருக்கும் நாளை மற்றொருவருக்கும் வாசிப்பார். டில்லியிலோ மும்பையிலோ நாம் சென்று கேட்கும் சபைக் கச்சேரிகளில் இது வழக்கமாக நிகழ்வது. இதில் வியப்புமில்லை, மனத்தாங்கலுமில்லை. ராக் இசையிலோ நால்வர் அல்லது ஐவர் கூடிப் பாடல்களைத் தாமே இயற்றி, தாமே வாசித்து, ஒரு பெயரின்கீழ் வாழ்கின்றனர். இசைத்தட்டு நிறுவனம் அப்பெயருடன் ஒப்பந்தம் செய்கிறது. ரசிகர்களும் அப்பெயரையே நெஞ்சில் பதித்துக் கொள்கின்றனர். ஆகவே குழுவினர் ஒருவர் வெளியே சென்று வாசிப்பது, கூட்டுக்குடும்பத்தில் ஒரு பிள்ளை தனி அடுப்பு மூட்டுவதை ஒத்தது.

எனினும் 'புரோக்ரஸிவ் ராக்' என்னும் பிரிவில் இவ்வழக்கம் தொடக்கந்தொட்டே தளர்ந்திருந்தது. 1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்ற இவ்வகை, மூன்று நிமிடப் பாட்டின் எல்லையைக் கடந்து, மேனாட்டுச் செவ்வியல் இசையையும் ஜாஸையும் தழுவியது. சிலவேளை ஒரே உருப்படி இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பும். தாளமோ நான்கு நான்காக நில்லாமல் ஐந்தாகவும் ஏழாகவும் மாறிச் செல்லும். கண்டமும் மிச்ரமும் பழகிய நம் செவிக்கு இது புதிதன்று. ஆனால் நடனக்கூடங்களில் வளர்ந்த ராக் கலைஞர்களுள் இதை வாசிக்கவல்லார் சிலரே. அச்சிலர் ஒருவரையொருவர் தேடிச் சென்றதில் வியப்பென்ன?

கிங் கிரிம்ஸன் குழுவை ஒரு சத்திரம் என்றே கூறலாம். கிதார்க் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் ஒருவரே அதில் நிலையாகத் தங்கியவர்; ஏனையோர் வந்து சென்றோர். 1969-இல் வெளிவந்த முதல் தட்டிற் பாடிய கிரெக் லேக் மறு ஆண்டே வெளியேறி, கீத் எமர்ஸன், கார்ல் பால்மர் ஆகியோருடன் மூவர் பெயரையும் தாங்கிய புதுக்குழுவை நிறுவினார். அதே 1970-இல் கிங் கிரிம்ஸனின் 'லிஸர்டு' தட்டில் ஒரு பகுதியைப் பாடிக் கொடுத்தவர் யெஸ் குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்ஸன். அவர் தம் குழுவை விட்டு விலகவில்லை. 1975-இல் 'ஜெனஸிஸ்' குழுவின் பாடகர் பீட்டர் கேப்ரியல் பிரிந்தபோது, டிரம் வாசித்துவந்த ஃபில் காலின்ஸ் பாட முன்வந்தார். அவர் மேடையின் முன்னே நின்று பாடும்போது பின்னே டிரம் வாசிக்க ஒருவர் வேண்டுமல்லவா? 1976-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் அவ்விடத்தில் அமர்ந்தவர் நம் புரூஃபோர்டே. காலின்ஸோ அதே காலத்தில் 'பிராண்டு எக்ஸ்' என்னும் ஜாஸ் கலந்த குழுவிலும் டிரம் வாசித்துக்கொண்டிருந்தார்.

1982-இல் முதல் தட்டை வெளியிட்ட 'ஏஷியா' குழு, முன்னர் வெவ்வேறு குழுக்களிற் புகழ்பெற்ற நால்வர் கூடியது. அத்தட்டு அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. ஆயினும் அதன் இசை, அந்நால்வரின் பழைய துணிவை வணிகத்திற்கேற்பச் சுருக்கியது என்பதே நம் கருத்து. பெயர் பற்றிய பூசலும் எழாமலில்லை. 1989-இல் ஆண்டர்ஸன், புரூஃபோர்டு, ரிக் வேக்மன், ஸ்டீவ் ஹோ ஆகிய பழைய யெஸ் கலைஞர் நால்வர் கூடியபோது, பெயரின் உரிமை வேறு சிலரிடம் இருந்தது; ஆகவே வழக்கறிஞர் அலுவலகப் பெயர்ப்பலகை போலத் தம் நான்கு பெயர்களையே வரிசையாக இட்டுத் தட்டு வெளியிட நேர்ந்தது.

இத்தகைய கூட்டுகளை ஆங்கிலத்தில் 'சைட் புராஜெக்ட்' என்பர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் சற்று இடர் தருகிறது. 'உபதொழில்' என்றால் வருமானம் பற்றியதாகிவிடும். 'கூடுதற்பணி' என்றால் அலுவலகக் கோப்பின் வாடை வீசும். 'கிளைக்குழு' என்றே ஆள்வோம்.

கிளை தாய்மரத்துக்கு என்ன செய்யும் என்பதை அமெரிக்காவின் 'டிரீம் தியேட்டர்' குழுவின் வரலாறு நன்கு காட்டும். 1985-இல் பாஸ்டன் நகரத்து பெர்க்லி இசைக்கல்லூரி மாணவர்களான ஜான் பெட்ரூச்சி, ஜான் மயங், மைக் போர்ட்னாய் மூவரும் தொடங்கிய இக்குழு, புரோக்ரஸிவ் இசையின் நுட்பத்தோடு மெட்டல் இசையின் கனத்த கிதார் ஒலியை இணைத்தது. அவர்களுள் டிரம் கலைஞர் போர்ட்னாயும் கிதார்க் கலைஞர் பெட்ரூச்சியும், கிங் கிரிம்ஸனில் வாசித்த டோனி லெவின், கீபோர்டு கலைஞர் ஜார்டன் ரூடெஸ் ஆகியோருடன் 'லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமெண்ட்' என்னும் கிளைக்குழுவை அமைத்து, 1998-இல் முதல் தட்டை வெளியிட்டனர். பாட்டில்லை, வாத்தியம் மட்டுமே. மறு ஆண்டில் ரூடெஸ் டிரீம் தியேட்டரிலேயே சேர்ந்துவிட்டார். கிளையில் பழுத்தது தாய்வீட்டுப் பந்திக்கு வந்தது.

போர்ட்னாய் ஓய்ந்திருக்கவில்லை. 2000-இல் 'டிரான்ஸ்அட்லாண்டிக்' குழுவின் முதல் தட்டு வந்தது. அமெரிக்கர் இருவர், சுவீடன் நாட்டவர் ஒருவர், ஆங்கிலேயர் ஒருவர் என அட்லாண்டிக் கடலின் இரு கரையாரும் அதிற் கூடினர். 2010-இல், டிரம் கலைஞரை இழந்திருந்த 'அவெஞ்சுடு செவன்ஃபோல்டு' குழுவுக்கு வாசித்துக் கொடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் டிரீம் தியேட்டர் சிறிது காலம் ஓய்வு கொள்ளலாம் என்று அவர் கேட்க, ஏனையோர் இசையவில்லை. தாம் தொடங்கிய குழுவிலிருந்தே அவர் விலகினார். ஆண்டு முடிவதற்குள் அந்த மற்றொரு குழுவுடனிருந்த தொடர்பும் முடிந்தது. அரசுப்பணியிலுள்ள நேயர்கள் டெபுடேஷனை அறிவர்: அயலிடத்தில் அலுவல் பார்த்தாலும் தாய்த்துறையில் இடம் காத்திருக்கும். இசைக்குழுவில் அத்தகைய விதி எதுவும் எழுதப்பட்டதில்லை.

கிளைக்குழு குடும்பத்தைப் பிரிக்கும் என்போர்க்கு இந்நிகழ்ச்சி தக்க சான்று. ஆயின் பின்னர் நடந்ததையும் அவர்கள் நோக்குதல் வேண்டும். 2020-இல் பெட்ரூச்சி தம் பெயரில் ஒரு தனித்தொகுப்பு வெளியிட்டபோது, டிரம் வாசிக்கப் போர்ட்னாயை அழைத்தார். 2021-இல் லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமெண்ட் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் தன் மூன்றாவது தொகுப்பை வெளியிட்டது. தாய்வீட்டு வாயிலில் நேரே வந்து நிற்பது இருசாரார்க்கும் கூச்சம் தந்திருக்கும். திண்ணையில் அமர்ந்து பேசுவது எளிதாயிற்று. 2023 அக்டோபரில் போர்ட்னாய் டிரீம் தியேட்டருக்குத் திரும்பினார் என்ற செய்தி வந்தது.

அந்த இருக்கை காலியாக இருந்ததன்று. மைக் மாஞ்சினி என்பவர் பெர்க்லி கல்லூரியில் ஆசிரியப் பணியைத் துறந்து 2010-களின் தொடக்கத்தில் அதில் வந்து அமர்ந்தவர். ஐந்து தொகுப்புகளுக்கு வாசித்தவர். 2022-இல் அக்குழு முதன்முறையாகக் கிராமி விருது பெற்றதும் அவர் வாசித்த உருப்படிக்கே. போர்ட்னாயின் வருகையோடு அவர் மனக்கசப்பின்றி விடைபெற்றார். அடுத்த மாதமே தம் சொந்தப் பெயரில் ஒரு தொகுப்பை வெளியிட்டார்.