தொலைவுப் போரும் படைவீரர் உடல்நலமும்

போர்க்கருவிகளின் வரலாற்றை ஒரு வகையில் தூரத்தின் வரலாறு என்றே சொல்லலாம். வாள், வில், பீரங்கி, குண்டுவீச்சு விமானம் என்று அடிப்பவனுக்கும் அடிபடுபவனுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. அமெரிக்காவின் ‘பிரிடேட்டர்’ என்ற ஆளில்லா விமானம் 1995-இல் பால்கன் பகுதியில் வேவு பார்த்தது. 2001 அக்டோபரில் ஆப்கானிஸ்தானத்தில் ஏவுகணை வீசியது. பின்னர் இவற்றை இயக்கும் பெரிய மையமாக நெவாடா மாநிலத்துக் கிரீச் விமானப்படைத் தளம் வளர்ந்தது. லாஸ் வேகாஸ் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான்.

ஏ.சி. அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு என்ன நோய் வந்துவிடும் என்று தோன்றும். சங்கதி அப்படி இல்லை. ஒரே வீட்டை நாள்கணக்கில் கேமராவில் பார்க்க வேண்டும். ஏவுகணை விழுந்த பின்னும் கண்ணை எடுக்க முடியாது. சேதத்தைக் கணக்கெடுப்பதும் அவர்கள் பொறுப்பே. ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போனால் மனைவியிடம்கூட வாய் திறக்கக் கூடாது. எல்லாம் ராணுவ ரகசியம்.

2011-இல் வெளியான விமானப்படை ஆய்வில் இவர்களை அதிகம் வாட்டியவையாகத் தெரியவந்தவை நீண்ட வேலை நேரம், மாறி மாறி வரும் ஷிப்டு, ஆள் பற்றாக்குறை ஆகியவை. 2013-இல் வந்த இன்னோர் ஆய்வு, விமானத்தில் ஏறிப் பறக்கும் விமானிகளுக்கும் இவர்களுக்கும் மனநலக் குறைபாடுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதைக் காட்டியது. அதே 2013 பிப்ரவரியில் இவர்களுக்கென ஒரு பதக்கம் அறிவித்தார்கள். களத்தில் உயிரைப் பணயம் வைத்தவர்களின் பதக்கத்துக்கு மேல் இதற்கு இடமா என்று எதிர்ப்புக் கிளம்பவே, ஏப்ரலில் ரத்தாயிற்று. 2016-இல்தான், மற்றப் பதக்கங்களின் மேல் பொருத்தும் ‘ஆர்’ என்ற சிறு எழுத்துச் சின்னம் வந்தது. கிரீச் தளத்தில், ரகசியத்தைக் கேட்க அனுமதி பெற்ற உளவியலாளர்களையும் பாதிரியார்களையும் அமர்த்தினார்கள். இது நல்ல ஏற்பாடு.

சமண நூல்கள் இம்சையை மனம், சொல், உடல் மூன்றாலும், செய்தல், செய்வித்தல், உடன்படல் என்ற மூன்று வழியிலும் கணக்கு வைக்கும். அந்தக் கணக்கில் தூரத்துக்குக் கழிவு கிடையாது. மனசும் கழித்துக்கொள்வதில்லை என்பதையே இந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

2024 அக்டோபரில் நம் நாடும் 31 ‘எம்.கியூ.-9பி’ விமானங்கள் வாங்க ஒப்பந்தம் செய்தது. அவற்றின் முன் உட்காரப் போவது நம் வீட்டுப் பிள்ளைகள். விமானம் வந்து இறங்கும்போதே ஷிப்டுக்கு ஒரு வரம்பும், மனம் விட்டுப் பேச ஒரு மருத்துவரும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.