வாகனம் ஓட்டுகையில் கைப்பேசி: தடைச் சட்டங்களின் வரலாறு

வாகனத்தை இயக்கும்போது ஓட்டுநர் கைப்பேசியைக் கையாள்வதைக் குற்றமாக்கும் சட்டங்கள் உலகெங்கும் இந்த நூற்றாண்டில்தான் பரவலாயின. நியூயார்க் மாநிலம் 2001இலும் பிரிட்டன் 2003 டிசம்பரிலும் இதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தன. இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதல் செல்பேசி அழைப்பு சென்றபோது நடப்பிலிருந்த 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அக்கருவியின் பெயரையே அறியாதது என்பதால், ஆபத்தான முறையில் ஓட்டுவதைத் தண்டிக்கும் அதன் 184ஆம் பிரிவு போன்ற பொது வாசகங்களைக் கொண்டே காவல்துறை நெடுங்காலம் வழக்குப் பதிந்துவந்தது. இந்த இடைவெளி எத்தகையது என்பதைக் கேரள உயர்நீதிமன்றம் 2018இல் வெளிப்படுத்தியது: ஓட்டியபடி பேசுவதாலேயே பொதுமக்களுக்கு ஆபத்து விளைந்ததாகக் கொண்டு மாநிலக் காவல் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்க இயலாது என்றது அத்தீர்ப்பு.

இதற்கிடையே, கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. இக்குழு 2015 ஆகஸ்டில், கைப்பேசியில் பேசியபடி ஓட்டுவோரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

2019 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டமே 184ஆம் பிரிவின் விளக்கத்தில் கையடக்கத் தொடர்புக் கருவியைப் பெயர்சொல்லிச் சேர்த்தது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பது தண்டனை. ஆனால் அதே திருத்தம், நீதிமன்றம் செல்லாமல் அதிகாரியிடம் தொகை செலுத்தி வழக்கை முடித்துக்கொள்ளும் இணக்க முறையை வகுக்கும் 200ஆம் பிரிவில், ஆபத்தான ஓட்டுதலின் வகைகளுள் இதற்கு மட்டும் இடமளித்தது. சிறைக்குரியதெனச் சொல்லப்பட்ட குற்றம் நடைமுறையில் சலான் தொகையாகச் சுருங்கியதற்கு இதுவே காரணம்.

இணக்கத் தொகையை மாநில அரசே நிர்ணயிப்பதால், ஒரே மத்தியச் சட்டம் எல்லைக்கு எல்லை வெவ்வேறு விலை பெறுகிறது. தமிழகமும் கர்நாடகமும் ஆந்திரத்தைத் தொடும் குப்பம் பகுதியில், பலமநேர் சாலையில் அமைந்த சாந்திபுரத்தில் இது கண்கூடு. ஆந்திர அரசின் 2020 அக்டோபர் ஆணைப்படி அங்கே முதல் முறை 1,500 ரூபாய், மறுமுறை 10,000 ரூபாய். கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கினால் தமிழகத்தின் 2022 அக்டோபர் ஆணைப்படி முதல் முறைக்கு 1,000 ரூபாய். கோலார்ப் பக்கம் ஏறினால் தொகை வாகன வகையைப் பொறுத்தது.

சட்டத்தின் வாசகம் கையை மையமாகக் கொண்டது என்பதால், தலைக்கவசத்துக்கும் காதுக்கும் இடையே கைப்பேசியைச் செருகிக்கொண்டு பேசியபடி செல்லும் இருசக்கர வாகன ஓட்டியை அது நேரடியாகக் குறிப்பிடவில்லை. 2020 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள மத்திய விதித்திருத்தமோ, ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் கருவியைப் பயன்படுத்த இசைந்துள்ளது. கவனம் சிதறியதா என்பதை முதலில் முடிவுசெய்யும் பொறுப்பு, வண்டியை நிறுத்தும் காவலரையே சேர்கிறது.