இருபுள்ளி வடிவம்
தளத்தில் வெவ்வேறான இரு புள்ளிகள் வழியே ஒரே ஒரு நேர்க்கோடுதான் செல்லும். அப்புள்ளிகளின் ஆயத்தொலைவுகளைக் கொண்டு அக்கோட்டின் சமன்பாட்டை எழுதும் வடிவமே இருபுள்ளி வடிவம்.

முதலில் சாய்வைக் காண வேண்டும். செங்குத்து அச்சுத் தொலைவுகளின் வேறுபாட்டைக் கிடை அச்சுத் தொலைவுகளின் வேறுபாட்டால் வகுத்தால் கிடைப்பது சாய்வு. இரண்டிலும் ஒரே வரிசையில் கழிப்பது மிக முக்கியம். வரிசை மாறினால் குறி மாறி, ஏறும் கோடு இறங்கும் கோடாகிவிடும்.

வெப்பநிலை அளவுகள் இதற்கு அழகான எடுத்துக்காட்டு. இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் நீர் உறைவது 0 பாகை செல்சியசில், அதாவது 32 பாகை பாரன்ஹீட்டில். கொதிப்பது 100 செல்சியசில், அதாவது 212 பாரன்ஹீட்டில். ஆகவே செல்சியசைக் கிடை அச்சிலும் பாரன்ஹீட்டைச் செங்குத்து அச்சிலும் கொண்டால், இரண்டையும் இணைக்கும் கோடு (0, 32), (100, 212) ஆகிய புள்ளிகள் வழியே செல்கிறது. சாய்வு (212 − 32) ÷ (100 − 0) = 9/5. செல்சியஸ் அளவை ‘செ’ என்றும் பாரன்ஹீட் அளவை ‘பா’ என்றும் கொண்டால், முதல் புள்ளியிலிருந்து கோட்டின் எந்தப் புள்ளிக்கும் இதே சாய்வு என்பதால், பா − 32 = 9/5 (செ − 0); அதாவது, பா = 9/5 செ + 32. இரண்டாம் புள்ளியைப் பிரதியிட்டால் 180 + 32 = 212; விடை சரி. செ = −40 எனும்போது பாவும் −40 ஆகிறது; இரு அளவுகளும் ஒன்றுபடும் ஒரே இடம் அது.

இரு புள்ளிகளின் கிடை அச்சுத் தொலைவுகளும் சமமானால் வகுத்தி 0 ஆகும், சாய்வு வரையறுக்கப்படாது. (3, 1), (3, 7) வழியே செல்லும் செங்குத்துக் கோட்டுக்கு, ‘கிடை அச்சுத் தொலைவு = 3’ என்பதே சமன்பாடு.