கயிறு மாறிய பின்

ஓர் இளங்குதிரை கைமாறும்போது அதன் சுழி, பல், நிறம், நடை என எல்லாவற்றையும் குறித்து மணிக்கணக்கில் வாதம் செய்யும் இரு தரப்பாரும், அன்றிரவு அது கட்டப்படப்போகும் லாயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமலே பிரிந்துவிடுவதுண்டு. நம்மவர் இந்தப் பிரிவுக்கென்றே ஒரு சம்பிரதாயத்தை வைத்திருந்தனர். விற்பவன் கையிலிருந்த கயிற்றை வாங்குபவன் கைக்கு மாற்றிக் கொடுப்பது அது. கயிறு மாறிய க்ஷணத்திலிருந்து குதிரைக்கு எது நேர்ந்தாலும் விற்றவனைக் கேட்க வழியில்லை. மாணிக்கவாசகரின் பொருட்டு மதுரைக்குக் குதிரை வணிகனாக எழுந்தருளிய சிவபெருமான்கூட, புராணம் சொல்லுகிறபடி, இந்த மரபை விடாமல் கயிறு மாறிக் கொடுத்துவிட்டே போனார். அன்றிரவே புதிய பரிகள் நரிகளாக மாறி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டுக் காட்டுக்கு ஓடின. பாண்டியனுடைய கோபமோ, விற்ற வணிகனை விட்டுவிட்டு, வாங்கப் போன அமைச்சராகிய மாணிக்கவாசகர்மீது பாய்ந்தது. பக்தர்கள் இக்கதையில் இறைவனுடைய திருவிளையாடலைக் காண்கிறார்கள். சரித்திரம் படிக்கிறவனுக்கு இதில் பாண்டிய நாட்டுக் குதிரை வர்த்தகத்தின் நீண்ட துக்கமும் சேர்ந்தே தெரிகிறது.

தமிழ்நாடு குதிரையை வளர்த்த நாடன்று. குதிரையை வரவழைத்த நாடு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த பண்டங்களை அடுக்கிச் சொல்லும் பட்டினப்பாலை, கடல் வழியாக வந்த புரவிகளுக்கே முதலிடம் தருகிறது. சேரன் குதிரைக்குப் பாடலம், சோழன் குதிரைக்குக் கோரம், பாண்டியன் குதிரைக்குக் கனவட்டம் என்று நிகண்டுகள் தனித்தனிப் பெயர் வகுத்து வைத்ததிலிருந்தே, அபூர்வமாகக் கிடைத்த பிராணியிடம் நம் அரசர்களுக்கு இருந்த பிரியம் விளங்கும். சோழர் கல்வெட்டுக்களிலோ மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். ஆனால் இந்த வர்த்தகம் பெருகி உச்சத்தை அடைந்தது பதின்மூன்றாம் நூற்றாண்டில், தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திலிருந்த காயல் துறைமுகத்தில்தான்.

அக்காலத்தில் பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவிலிருந்து மாத்திரம் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மாபாருக்கு, அதாவது நம் சோழமண்டல, பாண்டியக் கரைக்கு, அனுப்புவதென்று ஓர் ஒப்பந்தம் இருந்ததாகப் பாரசீக சரித்திரகாரர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். குதிரை ஒன்றுக்கு விலை 220 செம்பொன் தீனார். கத்தீஃப், பஹ்ரைன், ஹொர்முஸ் முதலிய இடங்களிலிருந்து வந்தவை இக்கணக்கில் அடங்கா. முந்திய தலைமுறையில், பாரசீகத்தின் ஃபார்ஸ் பகுதியை ஆண்ட அத்தாபெக் அபூபக்கரின் காலத்தில், மாபார், காம்பே முதலிய துறைகளுக்கு ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள் போயின என்றும், அவற்றின் கிரயம் 22 லட்சம் தீனார் என்றும் அவரே கூறுகிறார்.

இந்த ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. குதிரைகளை அனுப்பிய கீஷ் அதிபதி ஜமாலுத்தீனும், சுந்தரபாண்டியனுடைய அமைச்சராக இருந்து காயல் முதலிய துறைகளை நிர்வகித்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மானும் உடன்பிறந்தவர்கள். விற்கும் கை ஒரு சகோதரனுடையது, வாங்கும் கை மற்றொரு சகோதரனுடையது. இதைவிட முக்கியமானது அடுத்த விஷயம். கப்பலில் குதிரை காயமுற்றாலும் செத்தாலும் அதன் முழு விலையையும் பாண்டியனுடைய பொக்கிஷமே கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அப்படியானால், மரக்கலத்தின் இருட்டில், உப்புக் காற்றில், அளந்து கொடுக்கும் தண்ணீரை நம்பி நின்ற அந்த இளம் பிராணிகள் உயிரோடு கரையேற வேண்டும் என்று கவலைப்பட, கப்பலில் இருந்த எவனுக்குத்தான் காரணம் இருந்தது? நிலத்தில் கயிறு மாறிய பிறகாவது விற்றவனுடைய பொறுப்பு தீரும். இங்கே கீஷ் தீவின் கரையை விட்டு நகருமுன்பே தீர்ந்துவிட்டது.

கரையேறியவற்றின் கதியும் நன்றாக இல்லை. வறுத்த பார்லியையும், வெண்ணெய் கலந்த தானியத்தையும், காய்ச்சிய பசும்பாலையும் ஊட்டி, கயிற்றாலும் முளையாலும் அசையாமல் கட்டி, நாற்பது நாள் லாயத்தில் நிறுத்திக் கொழுக்க வைப்பார்களாம்; பிறகு எவ்விதப் பயிற்சியும் தராமல், அங்கவடிகூட இல்லாமல், வீரர்கள் ஏறிப் பேய்போல விரட்டுவார்களாம். காற்றாய்ப் பறந்த குதிரையும் சில நாளில் மந்தமாகிக் கெட்டுப்போகும் என்று சொல்லி வஸ்ஸாஃப் பரிகசிக்கிறார். ஆனால் எனக்கு அதைப் படிக்கையில் சிரிப்பு வரவில்லை. விருந்தாளிக்கு நெய்யும் பாலும் வார்த்துத் திணறடிக்கும் நம் வீட்டுப் பாட்டிமார்களின் அன்புதான் ஞாபகத்துக்கு வருகிறது. பாண்டியன் கஞ்சனாக இருந்து குதிரையைக் கொல்லவில்லை, உபசாரத்தால் கொன்றான்.

1292-ஆம் ஆண்டை ஒட்டி இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இன்னும் கடுமையாகப் பேசுகிறார். அவர் கணக்கில், பாண்டிய சகோதரர்கள் ஐவரும் ஆளுக்கு ஆண்டுதோறும் இரண்டாயிரம் குதிரைகளை, ஒவ்வொன்றும் நூறு வெள்ளி மார்க்குக்கு மேற்பட்ட விலையில் வாங்கினர். வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. லாடம் கட்டவும் நோய் தீர்க்கவும் தெரிந்தவர்கள் இங்கு இல்லை என்றும், அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்துவிடாதபடி வணிகர்களே தடுத்தார்கள் என்றும், குதிரை சாகச் சாக வியாபாரம் வளரும் என்பதே அவர்களுடைய எண்ணம் என்றும் அவர் சொல்லுகிறார். எண்ணிக்கை யாத்ரீகனுடைய வாயில் சற்றுப் பெருத்திருக்கலாம். சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம் பிறந்த தேசத்தில் குதிரைக்குச் சிகிச்சை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்பதையும் அப்படியே ஏற்க மனம் வரவில்லை. எனினும் வணிகர்மீது அவர் சாட்டிய குற்றத்தை நான் தள்ளமாட்டேன். மேலே கண்ட நிபந்தனையை எழுதி வாங்கியவர்கள் அதையும் செய்யக்கூடியவர்களே.

பாண்டியர் போன பிறகும் பாடம் கற்கப்படவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விஜயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மன், ஹொர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வந்த குதிரைகளை ஆயிரம் பர்தாவ் பொற்காசுக்கு மூன்று என்ற விலையில் வாங்கினான். கடலில் செத்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால், உயிருள்ள குதிரைக்குரிய விலையையே அவன் கொடுத்தான் என்று போர்த்துகீசியரான நூனிஸ் எழுதிவைத்திருக்கிறார். வாலுக்கு முழு விலை கிடைக்குமானால் குதிரை எதற்கு?

வாங்கியதும் வேலை வாங்காமல், வந்த பிராணி ஊரோடு பழகக் காலம் கொடுக்க வேண்டும் என்ற எளிய விஷயம், இக்கரையில் ஓர் ஏற்பாடாக நிலைபெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். அக்காலத்தில் ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் பகுதியிலிருந்து, அந்தப் பெயராலேயே வேலர் என்று அழைக்கப்பட்ட இளங்குதிரைகள் கப்பல் கப்பலாகச் சென்னையில் வந்து இறங்கின. பட்டாளத்துக்கு வேண்டியவற்றைக் கரையில் பார்த்துப் பொறுக்கி எடுத்தார்கள். வாலைக் காட்டிப் பணம் பெறும் வழி அங்கே இல்லை. பொறுக்கிய குதிரைகளை உடனே படைப்பிரிவுகளுக்கு அனுப்பாமல், கடல் மட்டத்துக்குச் சுமார் மூவாயிரம் அடி உயரத்தில் வெக்கை குறைந்த ஓசூரில் ராணுவம் வைத்திருந்த குதிரைப் பண்ணையில் விட்டு, மேயவிட்டு, இந்த மண்ணின் புல்லுக்கும் கொள்ளுக்கும் பழக்கி, சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் படிப்படியாக இணங்கவைத்த பிறகே சேவைக்கு அனுப்பினார்கள். அந்நியர் ஆட்சியைப் புகழ எனக்கு ஆசை இல்லை. அந்தக் குதிரைகளில் பல பீரங்கி இழுத்தே மடிந்தன என்பதையும் நான் மறக்கவில்லை. ஆயினும் முதல் சில மாதங்களாவது அவற்றுக்கு ஒரு வீடு இருந்தது என்பதை மறைப்பது நியாயமாகாது.

ஓசூரிலிருந்த அந்தப் பண்ணை பின்னர் கால்நடைத் துறையிடம் வந்து, இன்றும் அரசாங்கக் கால்நடைப் பண்ணையாக நடக்கிறது. காயலிலிருந்தோ கடல் விலகிப்போய்விட்டது. பழையகாயல் என்ற பெயரோடு இருக்கும் அந்தச் சிற்றூரைச் சுற்றி இப்போது உப்பளங்கள் இருக்கின்றன.