விண்ணிலிருந்து அளந்த சுரபுன்னைக் காடு

உக்கடம் பெரியகுளத்தின் பரப்பு ஏறத்தாழ 320 ஏக்கர். இதைப் போன்ற மூன்று குளங்களைச் சேர்த்து, அவ்வளவு நிலத்திலும் அடர்ந்த காடு வளர்ந்திருப்பதாகக் கொள்வோம். 1987-ஆம் ஆண்டு வெளிவந்த இந்தியாவின் முதல் வனநிலை அறிக்கைக்காகத் தயாரித்த வரைபடத்தில் அக்காடு இடம்பெற்றிருக்காது. ஏனெனில், 400 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 990 ஏக்கருக்குக் குறைந்த காட்டை அவ்வரைபடத்தில் தனியாகக் குறிக்க இயலவில்லை. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டை அளந்த வரலாற்றைப் படிப்போர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி இது. அளவுகோல் எவ்வளவு நுட்பமானதோ, அந்த அளவுக்கே கிடைக்கும் விடையும் நுட்பமாக இருக்கும். தமிழகக் கடற்கரையின் சதுப்புக் காடுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தென்னையில் தொடங்கிய கலை

பொருளைத் தொடாமல், அதிலிருந்து வரும் கதிர்களைக் கொண்டே அதன் தன்மையை அறியும் கலைக்குத் தொலையுணர்வு என்று பெயர். இந்தியாவில் இக்கலையின் முதல் பெருஞ்சோதனை, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், கேரளத்துத் தென்னந்தோப்புகளின் மேல் நடைபெற்றது. கொல்லங்கோட்டைச் சேர்ந்த அறிவியலறிஞர் பி. ஆர். பிஷாரோட்டியும் அவர் குழுவினரும் 1970-ஆம் ஆண்டில், அகச்சிவப்புக் கதிர்களை உணரும் வண்ணப் படச்சுருளைக் கொண்டு, ஹெலிகாப்டரிலிருந்து தென்னைகளைப் படமெடுத்தனர். வேர்வாடல் நோய் கண்ட மரங்கள், நலமுள்ள மரங்களினின்று வேறுபட்ட நிறத்தில் அப்படங்களில் தெரிந்தன.

இதன் காரணம் எளிதானது. இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் உறிஞ்சிக் கொள்கிறது. நம் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களையோ, நலமுள்ள இலை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. நீர் அக்கதிர்களை விழுங்கிவிடுகிறது. ஆகவே இவ்விரு கதிர்களையும் தனித்தனியே அளந்து ஒப்பிட்டால் இலை எது, நீர் எது, வெறுநிலம் எது என்று பிரித்தறியலாம். இத்தகைய படங்களில் அகச்சிவப்பைச் சிவப்பு நிறமாக அச்சிடுவது வழக்கம். அதனால் காடு செந்நிறமாகவும், தெளிந்த நீர் கருமையாகவும் தோன்றும். சதுப்புக் காட்டில் இலைகளுக்கிடையே ஈரச்சேறும் கலந்திருப்பதால் அதன் செந்நிறம் சற்று இருண்டிருக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆகாயத்தாமரை மூடிய குளமும் படத்தில் செந்நிறமாகவே தோன்றும். கருவி அளப்பது ஒளியை மட்டுமே. அந்த ஒளி மரத்திலிருந்து வந்ததா, களையிலிருந்து வந்ததா என்று தீர்மானிப்பவர் மனிதர்.

எண்கள் சொல்லும் கதை

1972-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், பின்னர் லேண்ட்சாட்-1 என்று பெயர்பெற்ற செயற்கைக்கோளை அமெரிக்கா ஏவியது. சுமார் 900 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிய அது, 18 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தின் மேல் வந்தது. அதன் படத்தில் ஒரு புள்ளி, தரையில் ஏறத்தாழ 80 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம். டேராடூனிலுள்ள இந்திய வன அளவாய்வு நிறுவனம் இவ்வகைப் படங்களைக் கொண்டே 1987 அறிக்கையைத் தயாரித்தது. தமிழகத்தில் 23 சதுர கிலோமீட்டர் சதுப்புக் காடு இருப்பதாக அவ்வறிக்கை கூறிற்று.

1989-ஆம் ஆண்டு அறிக்கையில் இவ்வெண் 47 ஆயிற்று. இரண்டே ஆண்டில் காடு இருமடங்காகிவிடுமா? ஆகாது. இம்முறை 30 மீட்டர் நுட்பமுள்ள புதிய கருவியின் படங்கள் கிடைத்தன; 25 ஹெக்டேர் காட்டையும் வரைபடத்தில் குறிக்க முடிந்தது. சல்லடையின் கண் சிறுத்தால் அதில் தங்கும் தானியம் மிகுவது போலத்தான் இது. 1993-இல் எண் மீண்டும் 21-க்கு இறங்கியது. படத்தை மனிதக் கண் பார்த்து, கையால் எல்லை வரைந்த காலம் அது. சிதறிய புதர்களைக் காட்டில் சேர்ப்பதா, சேற்றில் சேர்ப்பதா என்ற தீர்ப்பே எண்ணைப் பெரிதும் மாற்றிவிடும்.

1988 மார்ச் 17-இல் விண்ணேகிய ஐ.ஆர்.எஸ். 1ஏ முதல், நம் நாட்டுச் செயற்கைக்கோள்களும் இப்பணிக்கு வந்தன. 2001 அறிக்கையில் 23.5 மீட்டர் நுட்பமுள்ள இந்தியப் படங்களைக் கணிப்பொறி கொண்டு ஆராய்ந்தனர். ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் காடும் கணக்கில் வந்தது. தமிழகத்தின் எண் 2003-இல் 35, 2015-இல் 47, 2021-இல் 45. இந்த வரிசையைத் தொடக்கம் முதல் ஒரே கோடாக வரைந்து, காடு அழிந்ததென்றோ வளர்ந்ததென்றோ முடிவு கட்டுவது தவறாகும். ஒரே வகைப் படங்களை, ஒரே முறையில் ஆராய்ந்த ஆண்டுகளை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

பிச்சாவரத்தின் பாடம்

அளவு பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். சிதம்பரத்திற்கு அருகே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் உள்ள பிச்சாவரம் இதைக் காட்டுகிறது. சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை, இச்சதுப்பில் வளரும் ஒரு மரத்தின் பெயரே. இங்குள்ள காட்டின் பெரும்பகுதி நலிந்தபோது, விறகு வெட்டியும் மாடு மேய்த்தும் சுற்றுக் கிராம மக்களே அதை அழித்தனர் என்பது பொதுவான கருத்தாக இருந்தது.

ஆனால் நலிந்த இடங்கள் எங்கே உள்ளன என்று பாருங்கள். ஓடைகளின் கரையோரம் மரங்கள் செழித்திருந்தன. அவற்றுக்குப் பின்னால், காட்டின் உட்பகுதியில் வெறுந்தரை கிடந்தது. கோடரியோடு வருபவன் முதலில் கைவைப்பது ஓரத்தில் அல்லவா? சென்னையில் 1988-இல் தோன்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள் பழைய வரலாற்றை ஆராய்ந்தபோது வேறொரு காரணம் புலனாயிற்று. 1970-கள் வரை இக்காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முறைவைத்து அடியோடு வெட்டும் கூப்பு முறை நடைமுறையில் இருந்தது. நிழலிழந்த சேறு வெயிலில் காய்ந்து, சுருங்கி, தொட்டிபோல் தாழ்ந்தது. கடலேற்றத்தின்போது அதில் புகுந்த நீர் வடியாமல் தேங்கி ஆவியாயிற்று. உப்பு மட்டும் தங்கிற்று. அந்த உவர்ப்பில் புதிய நாற்று எதுவும் பிழைக்கவில்லை.

நோயின் மூலம் தெரிந்ததும் மருந்து எளிதாயிற்று. மீன் முள்ளைப் போல் ஒரு நடுக்கால்வாயும் அதன் இருபுறமும் கிளைக்கால்வாய்களுமாக வெட்டி, ஏற்றத்தில் நீர் வரவும் வற்றத்தில் வடியவும் வழி செய்தனர். உவர்ப்புக் குறைந்த பின் வெண்கண்டல் நாற்றுகளை நட்டனர். வனத்துறையோடு, முன்பு குற்றஞ்சாட்டப்பட்ட அதே கிராம மக்களும் இப்பணியில் கைகோத்தனர். 1986, 2002 ஆகிய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு மிகுந்ததென 2003-இல் இவ்வறிஞர்கள் வெளியிட்டனர். இம்முறை எண்ணுக்குப் பின்னால் தரையில் வெட்டிய கால்வாயும் நட்ட நாற்றும் சான்றாக நின்றன.

அடுத்த ஆண்டே, 2004 டிசம்பர் 26-இல், ஆழிப்பேரலை வந்தது. கடலூர் மாவட்டக் கரையின் படங்களை, அலைக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, மரங்கள் அடர்ந்திருந்த இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைவு என்று 2005-இல் தெரிவித்தது. கிராமங்கள் கடலிலிருந்து இருந்த தொலைவும் நிலத்தின் உயரமுமே பெருங்காரணங்கள் என்று வேறு சிலர் மறுத்தனர். காடு பேரலையை எந்த அளவுக்குத் தணிக்கும் என்பதை இத்தகைய வாதங்களே தெளிவாக்க வேண்டும். காட்டின் பின்னால் வாழும் மீனவக் குடும்பங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

மாணவர்களுக்கு ஒரு சொல்

இன்று 10 மீட்டர் நுட்பமுள்ள சென்டினல்-2 படங்களும், 1972 முதலான லேண்ட்சாட் படங்களும் எவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. மேகத்தை ஊடுருவும் ராடார் படங்களும் உண்டு. பிச்சாவரத்தையோ முத்துப்பேட்டையையோ கோவையிலிருந்தே ஒரு மாணவர் ஆராயலாம். அவ்வாறு ஆராய்பவர் மூன்று விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். ஒப்பிடும் படங்கள் ஒரே பருவத்தில் எடுத்தவையாக இருக்கட்டும். கடலேற்ற வேளையில் நாற்றுகள் நீரில் மறையுமாதலால், இரு படங்களும் எடுக்கப்பட்ட நேரத்தில் கடல்மட்டம் என்ன என்று பார்க்கட்டும். இறுதியாக, படத்தில் ஐயம் தோன்றும் இடத்திற்கு ஒருமுறை படகேறிச் சென்று, சேற்றில் இறங்கி, அங்கே நிற்பது மரம்தானா என்று கண்டு வரட்டும்.