மண்டபம் கேம்ப் மீன் கணக்கும் பைத்தானும்

மண்டபம் கேம்ப் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு, இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பிய முகாம்தான் நினைவுக்கு வரும். 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-ல் அங்கே வந்து சேர்ந்தது. 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை, நாட்டின் கடல்மீன் கணக்குக்கு நம் கரைதான் தலைவாசல்.

எல்லாக் கரையிலும் எல்லாப் படகையும் எண்ண முடியாது. அதனால் அந்த நிலையம் மாதிரிக் கணக்கெடுப்பு முறையை வகுத்தது. கணக்கெடுப்பவர் குறிப்பிட்ட இறங்குதளத்துக்கு முதல்நாள் மதியம் 12 மணிக்குப் போய் மாலை 6 வரை இருப்பார். மறுநாள் காலை 6 முதல் 12 வரை மீண்டும் பார்ப்பார். இடைப்பட்ட இரவில் வந்த மீனை விசாரித்துக் குறிப்பார். 15 படகு வரை என்றால் அத்தனையும் பார்ப்பார். கூடினால் சிலவற்றை மட்டும். தேதி, படகு, வலை, மீன், எடை என்று எல்லாம் கட்டம் போட்ட தாளில் ஏறும்.

அதே கட்டங்கள்தான் இன்று கணினியில் காற்புள்ளியால் பிரித்த கோப்பாக இருக்கின்றன. காற்புள்ளி வழக்கமும் பழையதுதான். 1964-ல் கெமெனியும் கர்ட்ஸும் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் மாணவர்களுக்காக உருவாக்கிய பேசிக் மொழியிலேயே, எண்களைக் காற்புள்ளி இட்டுத்தான் வரிசையாகக் கொடுப்பார்கள். ஓய்வுக்குப் பின் நான் கற்றுக்கொள்ளும் பைத்தான் 1991-ல் வெளிவந்தது. இத்தகைய கோப்பைப் படிக்கும் வசதி 2003 முதல் அதனுடனேயே வருகிறது. பத்து வரி எழுதினால் மீன்வாரியாகக் கூட்டிவிடலாம்.

ஆனால் கணினிக்கு நம் கரை தெரியாது. ஒருவர் காரல் என்றும் இன்னொருவர் காரப்பொடி என்றும் எழுதினால் அதற்கு இரண்டு மீன். 1,250 கிலோ என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால், 1 ஒரு கட்டத்திலும் 250 அடுத்த கட்டத்திலும் போய் உட்காரும்.

வெற்றுக் கட்டம்தான் பெரிய சிக்கல். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மட்டும் கடலுக்குப் போவது ஏற்பாடு. ஒரு படகு அந்த மூன்று நாளில் 200, 200, 300 கிலோ கொண்டுவந்தது என்று வைத்துக்கொள்வோம். மற்ற நான்கு கட்டமும் வெறுமை. வெறுமையை எண்ணாக்கச் சொன்னால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். புதிதாகப் படிப்பவர்கள் உடனே அங்கே 0 போட்டுவிடுவார்கள். சராசரி 100 கிலோ என்று வரும். கடலுக்குப் போன நாளுக்கு உண்மையில் 233 கிலோ.

வெறுமை என்றால் படகு கரையில் நின்றது. 0 என்றால் டீசல் எரித்துப் போய் வெறும் வலையோடு திரும்பியது. அன்றைக்குக் கடன் ஏறியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்கால வரிகளிலும் இதே வேறுபாடு உண்டு. இரண்டையும் ஒன்றாக்கினால், கடலில் மீன் குறைந்ததா, படகு போகவில்லையா என்பதே தெரியாமல் போகும். பேரப்பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள் என்றால் முதலில் இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுங்கள்.