கண் திறந்த சித்திரக்காரர்கள்

அரியலூரிலிருந்து தஞ்சாவூருக்குப் போகும் சாலை திருமானூரை அடுத்துக் கொள்ளிடத்தைக் கடக்கிறது. அதற்குச் சமீபத்தில் ஏலாக்குறிச்சி என்று ஓர் ஊர் இருக்கிறது. இத்தாலியில் பிறந்து, தமிழ் கற்று, 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர். அரியலூர்ப் பாளையக்காரருக்கு ராஜபிளவை கண்டு வைத்தியர்கள் கைவிட்டபோது, முனிவர்தான் மருந்திட்டுக் குணப்படுத்தினார், அதற்கு நன்றியாகப் பாளையக்காரர் நிலம் மானியமாக விட்டார் என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். இதில் சரித்திரம் எவ்வளவு, பக்தி எவ்வளவு என்று பிரிப்பது நம் வேலையல்ல. காவியம் பாடியவர் வைத்தியமும் செய்தார் என்பதைக் கேட்டு அங்கே யாரும் வியப்பதில்லை. அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

வியக்க என்ன இருக்கிறது? பெரம்பலூர், அரியலூர்ச் சீமையானாலும் சரி, காவிரிக் கரையானாலும் சரி, புலவரும் வைத்தியரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தவர்கள். மருந்தையும் பாட்டாகத்தான் எழுதி வைத்தார்கள். ஆனால் அந்தத் திண்ணைக்கு ஒரு பெரிய குறையும் உண்டு. சித்த வைத்தியப் பாடல்களில் பல, பரிபாஷையில் அமைந்தவை. பாட்டில் ஒரு பெயர் இருக்கும். குறிக்கப்படும் சரக்கு வேறாக இருக்கும். குரு காதோடு சொன்னால்தான் விளங்கும். தகுதியில்லாதவன் கையில் மருந்து சிக்கக் கூடாது என்பது நல்ல எண்ணந்தான். ஆனால் சொல்லிக் கொடுக்காமலே குரு கண்ணை மூடிவிட்டால், மருந்தும் அவரோடு சிதையேறிவிடும்.

இந்த வழக்கத்துக்கு மாறான காரியம் ஒன்று கொள்ளிடத்துக்குத் தெற்கே, தஞ்சை அரண்மனையில் நடந்தது. அதை நடத்தியவர் இரண்டாம் சரபோஜி மகாராஜா. 1777-ல் பிறந்து, ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் பராமரிப்பில் கல்வி கற்று, 1798-ல் பட்டமேறினார். மறு வருஷமே ராஜ்யத்தைக் கும்பெனியாரிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. கோட்டையும் உபகாரச் சம்பளமுமே மிச்சம். ராஜ்யம் போன ராஜாக்கள் பொழுதைப் போக்கப் பல வழிகள் கண்டிருக்கிறார்கள். சரபோஜி புத்தகம் சேர்த்தார். தன்வந்திரி மகால் என்று ஒரு வைத்திய நிலையம் நிறுவினார். அங்கே சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய வைத்தியம் ஆகிய நான்கு முறைகளிலும் தேர்ந்தவர்கள் கூடினார்கள். மூலிகைகளைச் சித்திரக்காரர்கள் வர்ணத்தில் எழுதி வைத்தார்கள்.

அனுபவத்தில் பலன் கண்ட மருந்து முறைகளைத் திரட்டியதும், ராஜா தமிழ்ப் புலவர்களை அழைத்து அவற்றைப் பாடலாக்கச் சொன்னார். அந்தத் தொகுதிக்குப் பெயர் 'சரபேந்திர வைத்திய முறைகள்'. இருபதாம் நூற்றாண்டில் சரஸ்வதி மகால் நூல் நிலையத்தார் அதைக் கண் நோய், நீரிழிவு என்று நோய்வாரியாகப் பிரித்து அச்சிட்டார்கள்.

ஏன் பாட்டு? ஓலையில் பிரதி செய்பவர் ஒரு சொல்லை விட்டுவிட்டால் விருத்தம் நொண்டும். காது உடனே புகார் சொல்லும். மனப்பாடம் செய்வதும் சுலபம். ஆனால் யாப்பு முழுக் காவலாளி அல்ல. 'மிளகு' இருக்க வேண்டிய இடத்தில் 'கடுகு' வந்து உட்கார்ந்தால் அது ஆட்சேபிக்காது. இரண்டுக்கும் அளவு ஒன்றே. எதுகை காட்டிக் கொடுத்தால் உண்டு. அதோடு, பாட்டு சொல்வது வைத்தியர் ஏற்கெனவே அறிந்ததை. அவர் அறியாததை எப்படிப் பாதுகாப்பது?

அங்கேதான் சித்திரக்காரர் வருகிறார். ராஜா ஈடுபட்டு நடத்திய கண் சிகிச்சைகளின் குறிப்பேடுகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. நோயாளிக்கு என்ன கோளாறு, என்ன சிகிச்சை என்ற விவரத்தோடு, நோயுற்ற கண்ணின் வர்ணச் சித்திரமும் இருக்கிறது. தஞ்சைச் சித்திரக்காரரின் கை எதற்குப் பழகிய கை என்று நினைத்துப் பாருங்கள். தங்க ரேக்கும் கல்லும் பதித்து, கிருஷ்ணனுக்குப் பெரிய அழகிய விழிகளை எழுதிய கை அது! தெய்வ உருவத்துக்குக் கண் திறப்பது நம் நாட்டுக் கலைஞனுக்குப் புனிதமான சடங்கு. அவன் முன்னால் இப்போது ஓர் ஏழையின் சிவந்த கண்ணை, புரை விழுந்த கண்ணை வைத்து, "இருக்கிறபடி எழுது" என்றால்? அழகுபடுத்தினால் வைத்தியருக்கு உதவாது. பழகிய அழகை ஒதுக்கிவிட்டு, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். சிறிய தியாகம் அல்ல.

அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், ஜேம்ஸ் வார்ட்ராப் என்ற டாக்டர் கண் நோய்களைப் பற்றி 1808-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்குச் சித்திரம் எழுதியவர் பாட்ரிக் சைம். பூக்களை வரைந்து பேர் வாங்கியவர். அதாவது அங்கேயும் நோயுற்ற கண்ணை எழுத அழகின் பழக்கமுள்ள கைதான் தேவைப்பட்டது. ஆனால் சைமின் பெயர் நிலைத்தது. தஞ்சைச் சித்திரத்தில் கையெழுத்திடும் வழக்கம் கிடையாது.

சரபோஜி 1832-ல் காலமானார். நம் காலத்தில் சென்னை சங்கர நேத்ராலயாவின் கண் மருத்துவர்கள் அந்த ஏடுகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அன்றைய வைத்தியர் நோய்க்கு வைத்த பெயர் தவறாகவே இருந்தாலும் பாதகமில்லை. சித்திரம் அந்தப் பெயரை நம்பி எழுதப்பட்டதல்ல, கண்ணைப் பார்த்து எழுதப்பட்டது. நோயாளி போனார், வைத்தியர் போனார், ராஜாவும் போனார். நோய் மட்டும், வந்தபடியே ஏட்டில் இருக்கிறது, இன்னும் அதிகம் தெரிந்த ஒருவர் வந்து பார்க்கட்டும் என்று.